கடல்துணிக்குத் தலைவாரிய தீபாவளி

போன ஆனி மாதம் வைப்புநிதி சம்பந்தமான ஒரு கையெழுத்துக்காக, ஓசூரில் நான் வேலை பார்த்த ஆலைக்குப் போயிருந்தேன். சோதனைக்கூடத்துக்கு இப்போது ஒரு பெண் பொறியாளர் பொறுப்பு. தேநீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டுக் கேட்டார்.

"சார், மாதிரித் துண்டை செக்கிங் மேசை தாண்டினப்புறம்தான் வெட்டணும்னு நம்ம கம்பெனியில மட்டும் ஒரு வழக்கம் இருக்குது. தறியிலயே வெட்டினா அரை நாள் மிச்சம். யார் ஆரம்பிச்சது இத?"

"ராவ் சார்" என்றேன். ஏன் என்று அவர் கேட்பதற்குள் தொலைபேசி வந்துவிட்டது. திரும்பும் பேருந்தில், சூளகிரி மலை சன்னலோரம் வந்து போன பிறகும், அந்த 'ஏன்' என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பதில் ஒரு தீபாவளி. ஆண்டு 1986. எதையும் ஆண்டு, மாதம், கிழமையோடு நினைவில் வைப்பது என் வழக்கம். வீட்டில் அதைக் கேலி செய்வார்கள். இந்தத் தீபாவளியை மட்டும் என் மனைவியும் கிழமையோடு சொல்லுவாள். அன்று நான் வீட்டில் இல்லை.

நான் நாகரசம்பட்டிக்காரன். மாந்தோப்பு, பாறை, வெயில். சேலத்தில் நெசவுத் தொழில்நுட்ப டிப்ளமோ, பிறகு ஒரு சாக்குத்துணி ஆலையில் சில ஆண்டுகள், எண்பத்துநான்கு தை மாதம் ஓசூர். அந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தறி இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளவும், கையால் தடவியே இழை அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கவும் பழகினேன். ஷிப்டு இல்லாத நாட்களில் கிருஷ்ணகிரி நூலகத்தில் கிடந்தேன்.

ஓசூர் ஆலை முதலில் உரமூட்டைத் துணிதான் நெய்தது. எண்பத்தைந்தின் கடைசியில் வேறு வகைத் துணிக்கு ஆர்டர் வந்தது. கடலோரத்தில் மண்கரை போட்டு, அதன்மேல் கருங்கல் அடுக்குவார்கள். ஓதம் ஏறும்போது நீர் கல்லிடுக்கு வழியாக மண்ணுக்குள் போகும். இறங்கும்போது மணலையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரை உள்ளே பொக்கையாகி, ஒரு நாள் கல் எல்லாம் சரிந்துவிடும். அதைத் தடுக்க மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு துணி விரிப்பார்கள். நீர் போகலாம், வரலாம். மணல் போகக்கூடாது. அவ்வளவுதான் அந்தத் துணியின் வேலை. கறுப்புப் பிளாஸ்டிக் நாடாவில் நெய்தோம். அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. தறிக்கூடத்தில் எல்லோரும் கடல்துணி என்றே சொன்னார்கள்.

வேடிக்கை என்னவென்றால், எங்களில் பெரும்பாலோர் கடலைப் பார்த்ததில்லை. ஓசூரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு ஒரு பகல் பயணம். மார்கழிக் காலையில் தொழிற்பேட்டைமேல் பனி இறங்கி, கூரைகள் மட்டும் மிதக்கும்போது, கடல் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு கடலே ஆலைக்கு வந்தது, ஒரு கோணிப்பையில். கரை கட்டப்படும் இடத்து மணலை வைத்தே சோதிக்க வேண்டும் என்று ராவ் சார் எழுதிப் போட்டிருந்தார். பையை அவிழ்த்ததும் கூடம் முழுக்க ஒரு வாசனை. மீனா, இரும்பா, மழையா என்று சொல்லத் தெரியவில்லை. செக்கிங் மேசைப் பெண்கள் சாப்பாட்டு வேளையில் வந்து, மணலில் கிடந்த சிப்பிகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள்.

ராவ் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரப்பிரிவின் தலைவர். பெங்களூரிலிருந்து தினமும் பேருந்தில் வருவார். வந்ததும் கை கழுவி, துண்டில் துடைத்து, அதன் பிறகே துணியைத் தொடுவார்; அதுவும் விரலின் பின்பக்கத்தால், குழந்தையின் நெற்றியில் சூடு பார்ப்பதுபோல. தவறிய துணியைத் 'தேறவில்லை' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "இது இன்னும் துணி ஆகலை" என்பார். நாம் சொல்ல வந்த முடிவு எதுவானாலும் நாம் தேநீர் குடித்து முடிக்கும்வரை கேட்க மாட்டார். தமிழ் பேசிக்கொண்டே வந்து, யோசனை ஆழமானால் கன்னடத்துக்குப் போய்விடுவார். அவர் எப்போது கன்னடத்துக்குப் போகிறார் என்று பார்த்துத்தான் நாங்கள் விஷயத்தின் கனத்தைத் தெரிந்துகொள்வோம்.

சோதனை முறையையும் அவரே வகுத்தார். தறியிலிருந்து சூட்டுக்கத்தியால் ஒரு துண்டு வெட்டுவேன். ஊறவைத்து, கண்ணாடி உருளை ஒன்றின் அடியில் வளையத்தால் இறுக்கிப் பூட்டுவேன். அதன்மேல் கடல்மணல். மேலிருந்து நீர், பிறகு கீழிருந்து நீர், மறுபடி மேலிருந்து. ஓதம் ஏறுகிறது, இறங்குகிறது. கீழே ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. தட்டில் மணல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்மதியங்களில், தறிக்கூட இரைச்சல் கதவுக்கு அப்பால் அலைபோல் கேட்க, அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சாண் கடலை ஏற்றி இறக்கிக்கொண்டு நான் நின்ற நேரங்கள் வேலை செய்த நேரங்களா, கனவு கண்ட நேரங்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. தட்டு மட்டும் ஒவ்வொரு முறையும் சுத்தமாக இருந்தது. ஆவணியில் ரோல்கள் லாரி ஏறின. கொள்ளிடம் கடலோடு சேரும் பக்கத்தில், உப்பங்கழி ஓரமாக ஒரு மீனவக் குப்பம். அதற்கு முன்னால் எழும் கரைக்கு.

ஐப்பசி பிறந்த வாரம், கரை வேலையைப் பார்த்துவந்த ஒப்பந்தக்காரரின் பொறியாளர் ஓசூருக்கே வந்துவிட்டார். சின்ன வயசு. வெயிலில் கறுத்திருந்தார். ஈரம் காயாத துணி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து ராவ் சாரின் மேசைமேல் போட்டார்.

"உங்க துணி மண்ண நிறுத்தல சார். முன்னோட்டமா கொஞ்ச தூரம் விரிச்சு கல்லு போட்டோம். பத்து நாள்ல கல்லு உக்காந்துடுச்சு. அடியில பூரா பொந்து. வர்ற அமாவாசைக்குத் தண்ணி பெருசா ஏறும். அதுக்குள்ள கரைய மூடலேன்னா பின்னாடி இருக்குற வீடுங்க நிக்காது."

"டீ குடிங்க" என்றார் ராவ் சார்.

அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கை கழுவி, துணியைச் சன்னலுக்கு எடுத்துப்போய் விரித்துப் பிடித்தார். கறுப்புத் துணியில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. தறியிலிருந்து வரும் துணியை அப்படிப் பிடித்தால், மேகமில்லாத வானம்போல நட்சத்திரங்கள் சமமாக இறைந்து கிடக்கும். இதில் ஒரு பக்கம் நட்சத்திரமே இல்லை. பக்கத்திலேயே நாலைந்து சேர்ந்து பிறை பிறையாக விரிந்திருந்தன.

"நோடு மாதையா" என்றார் என்னிடம், 'பார்' என்று. கன்னடத்துக்குப் போய்விட்டார். தறி இப்படி நெய்யாது, யாரோ கையால் நகர்த்தியிருக்கிறார்கள் என்று சொன்னது எனக்குப் புரிந்தது.

தறிக்கும் லாரிக்கும் நடுவில் துணியைத் தொடுகிறவர்கள் செக்கிங் மேசைக்காரர்கள் மட்டுமே. அடியில் குழல்விளக்கு எரியும் கண்ணாடி மேசை. இரு பக்கமுமாக மொத்தம் ஐந்து பெண்கள். அவர்களுக்குத் தலைவி கோவிந்தம்மா. சேலத்துப் பக்கம் படுக்கைவிரிப்பு நெய்யும் குடும்பத்தில் பிறந்து, குந்தாரப்பள்ளிக்கு வாழ்க்கைப்பட்டவர். ஆலையில் மூன்று வருடமாகத் தற்காலிகம்; வரும் பொங்கலுக்கு ஐந்து பேரையும் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது. ராவ் சார் போய் அந்த மேசையோரம் சும்மா நின்றார். துணி நகர்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்த இடத்தில் கோவிந்தம்மாவின் கட்டைவிரல் நகம் போய் நின்றது. இரண்டு தட்டு, ஒரு நெருடல். இழைகள் நெருங்கின. வெளிச்சம் மறைந்தது. துணி நகர்ந்தது.

"இது இன்னாத்துக்கம்மா?" என்றார் ராவ் சார், அவருக்குத் தெரிந்த கிருஷ்ணகிரித் தமிழில்.

கோவிந்தம்மா நிமிர்ந்து சிரித்தார். "கண்ணு தெரியுது பாருங்க சார். இப்புடியே அனுப்புனா துணியா, சல்லடையான்னு கேக்க மாட்டாங்களா? எங்கூட்ல ஒரு போர்வைகூட நெருடாம மடிக்க வுட மாட்டாரு எங்கப்பா. இவளுங்களுக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

"எல்லா ரோலுக்குமா?"

"ஒண்ணு வுடல சார்" என்றாள் பக்கத்தில் நின்ற இளையவள், பெருமையாக.

பருத்தியில் அது சரி. நீரில் நனைந்தால் நூல் உப்பி எல்லாம் ஒன்றாகிவிடும். வழுவழுப்பான பிளாஸ்டிக் நாடா நெருட நெருட நகரும், நகர்ந்த இடத்திலேயே நிற்கும். இங்கே மூடினால் அங்கே திறக்கும். திறந்த பிறை வழியாகத்தான் குப்பத்தின் மணல் வெளியே போய்க்கொண்டிருந்தது. எங்கள் தட்டு ஏன் சுத்தமாக இருந்தது என்றும் அப்போதுதான் விளங்கியது. மாதிரித் துண்டு தறியிலேயே வெட்டப்பட்டது. நகம் பட்டது அதற்குப் பிறகு. "தப்பு நம்ம சோதனை மேசைக்கும் செக்கிங் மேசைக்கும் நடுவுல உக்காந்திருக்குது" என்றார் ராவ் சார்.

முதலாளி கோயம்புத்தூர்க்காரர். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. "ஏனுங்க ராவ், அத்தன துணியவும் கையில கெடுத்துப்போட்டாங்க, நீங்க மேசை கதை சொல்றீங்க. அஞ்சு பேருக்கும் இன்னிக்கே கணக்கு முடிச்சிருங்க."

"அமாவாசை போகட்டும் சார்."

"புதுசா நெய்ஞ்சு அனுப்ப நாள் இருக்குதுங்களா?"

"இல்லை."

"அப்பறம்?"

"அந்தத் துணியவே சரி பண்ணலாமான்னு பாக்கறேன்."

முதலாளி கணக்குப் புத்தகத்தை மூடிவைத்தார். "சரி. துணி கரையில நின்னா அவங்க இருக்கட்டும். நிக்கலைன்னா நீங்களே உங்க வாயால அவங்ககிட்டச் சொல்லிருங்க."

ராவ் சார் அதை அமாவாசைவரை தள்ளிப்போடவில்லை. நேராக மேசைக்கு வந்து, நடந்ததையும் முதலாளி சொன்னதையும் அப்படியே சொன்னார். இளையவள் அழுதுவிட்டாள். கோவிந்தம்மா தன் கட்டைவிரலை வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"நல்லதுன்னுதானே சார் செஞ்சோம்" என்றார். பிறகு, "கலைச்ச கையிக்கு மறுக்கா சேக்கத் தெரியாதா சார்? ஒரு துண்டு குடுங்க."

நகத்தால் முயன்றார். இழை திரும்பி வந்தது, ஆனால் இடைவெளி ஒரே சீராக அமையவில்லை. ராவ் சார் தறிக்கூடத்துக்குப் போய், கழித்துப் போட்டிருந்த ஒரு பழைய அச்சைக் கொண்டுவந்தார். தறியில் நெடுக்கே ஓடும் பாவு இழைகளை இடைவெளி மாறாமல் பிரித்து நிறுத்தும் இரும்புப் பல்வரிசைதான் அச்சு. கடல்துணிக்கென்று ஓடிய அதே அச்சு. அதைச் சாண் நீளத் துண்டுகளாக அறுத்து, முனை மழுக்கி, மரப்பிடி போடச் சொன்னார். பார்க்கச் சீப்பு மாதிரியே இருந்தது. கோவிந்தம்மா துணியைச் சற்றே ஈரமாக்கி, பாவு ஓடும் திசையில் அதை மெல்ல இழுத்தார். சன்னலுக்கு நேரே பிடித்தோம். நட்சத்திரங்கள் தத்தம் இடத்துக்குத் திரும்பியிருந்தன. நான் அந்தத் துண்டை உருளையில் பூட்டி ஓதத்தை ஏற்றி இறக்கினேன். தட்டு வெள்ளையாகவே இருந்தது.

துணியை ஓசூருக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்ப நாள் போதாது. "துணி வர முடியாது. கை போகலாம்" என்றார் ராவ் சார்.

அந்த ஆண்டு தீபாவளி சனிக்கிழமை, மறுநாள் அமாவாசை. செவ்வாய்க்கிழமை விடியுமுன் ஆலை வேனில் கிளம்பினோம்: ஐந்து பெண்கள், ராவ் சார், நான். பண்டிகை வீட்டைப் போட்டுவிட்டுப் போவதற்கு ஒவ்வொருத்தியும் வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தாளோ தெரியாது. புளிச்சோற்று மூட்டைகளோடு ஏறினார்கள். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம். பாறைகள் மெல்லக் குறைந்தன. பிறகு மண் தட்டையானது. வானம் கீழே இறங்கி வந்தது. சாயங்காலம் குப்பத்தை அடைந்தபோது, தென்னைகளுக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துபோனேன். ஓதம் என்ற சொல்லைப் பழைய பாட்டுகளில் மட்டும் படித்திருக்கிறேன். இங்கே ஒரு பெண் தன் பிள்ளையைப் பார்த்து, "ஓதம் ஏறுதுடா, வலைய எடுத்து மேல போடு" என்று கத்தினாள். புத்தகத்திலிருந்து ஒரு சொல் இறங்கி மணலில் நடந்து போனதுபோல் இருந்தது.

மறுநாள் காலை கரையடியில் முதல் ரோலைப் பிரித்தோம். காற்று துணியைப் பாய்போல் தூக்கிவிட்டது. இரண்டு முறை முயன்று தோற்றோம். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மீன்காரப் பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவள் அஞ்சலை. முந்தின நாள் பிள்ளையிடம் கத்தியவளும் அவள்தான். கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து, துணியின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"வாங்கடி, உக்காருங்க. நம்ம கனத்துக்கு இதாவது ஒதவட்டும்."

ஓரமெல்லாம் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். துணி அடங்கியது. நடுவில் கோவிந்தம்மாவும் மற்றவர்களும் மண்டியிட்டு, அச்சுச் சீப்பால் வாரத் தொடங்கினார்கள். சற்று நேரம் பார்த்துவிட்டு அஞ்சலை கேட்டாள்.

"ஏன்டி ஆத்தா, பேன் பாக்கவா அம்மாந் தூரத்துலேந்து வந்தீங்க?"

"பேனு இல்லக்கா, மண்ணு" என்றார் கோவிந்தம்மா தலை நிமிராமல். "உங்கூரு மண்ணு வெளிய ஓடாம இருக்கத்தான் வாரிக்கினு கீறோம்."

"ஓடுற மண்ண வாரி நிறுத்த முடியும்னா எம் புருசனுக்கும் ஒருக்கா வாரி வுட்டுட்டுப் போ, புண்ணியமாப் போவும்."

கறுப்புத் துணி முழுக்கச் சிரிப்பு ஓடியது. ராவ் சாருக்குப் புரியவில்லை. நான் விளக்கியதும் தனியாக, தாமதமாகச் சிரித்தார்.

வாரி முடித்த ஒவ்வொரு பத்தியையும் ராவ் சாரும் நானும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தோம். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, வாளியின் வாயில் இறுக்கிக் கட்டி, அந்தக் கரையின் மணலையே போட்டு நீர் ஊற்றினேன். தேறினால் ஆட்கள் உடனே கரைச் சரிவில் விரித்து, மடிப்பில்லாமல் நீவி, சின்னக் கல், பிறகு பெரிய கல் என்று அடுக்கினார்கள். பெரிய கல்லை உயரத்திலிருந்து போட்டால் துணி மறுபடி கலைந்துவிடும் என்று, ஒவ்வொன்றையும் கையால் இறக்கிவைக்கச் செய்தார் ராவ் சார். தீபாவளியன்று காலை அஞ்சலை எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்து, ஆளுக்கொரு அதிரசம் கொடுத்தாள். அன்று மாலை கடைசிப் பத்தி கல்லுக்கடியில் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓதம் ஏறியது. நான் நினைத்திருந்ததுபோல அது சீறிக்கொண்டு வரவில்லை. உப்பங்கழி தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோலப் பெருத்தது. கல்லின் கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது, மேல்வரிசைக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. அங்கேயே நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தது. வீடுகளிலிருந்து பாயும் பாத்திரமும் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டன. ஏறுவதில் ஆபத்தில்லை, இறங்குவதில்தான் சோதனை என்று எங்களுக்குத் தெரியும்.

மதியத்தை ஒட்டி நீர் இறங்கத் தொடங்கியது. ராவ் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையடிக்கு இறங்கினார். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். கல்லிடுக்கிலிருந்து வடிந்த நீரைப் பிடித்து, சாய்த்துப் பார்த்தார். கலங்கல். கொட்டினார். கொஞ்சம் தள்ளி இன்னொரு இடுக்கு. அதுவும் கலங்கல். என் பின்னால் நின்ற கோவிந்தம்மா இன்னும் ஒரு கல் கீழே இறங்கி வந்தார். அடுக்கும்போது கல்லில் ஒட்டிய தூசியாக இருக்கலாம், துணிக்கு அடியிலிருந்து வரும் மணலாகவும் இருக்கலாம். இரண்டும் அந்த நேரத்தில் ஒரே நிறம்.

ராவ் சார் அவசரப்படவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து, நீர் இன்னும் ஒரு வரிசை இறங்கும்வரை காத்திருந்தார். பிறகு முதலில் பிடித்த இடுக்கிலேயே மறுபடி பிடித்தார். விரலை உள்ளே விட்டு அடியைத் தடவினார். டம்ளரை மேலே கோவிந்தம்மாவிடம் நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கி உள்ளே பார்த்தார். நானும் பார்த்தேன். அடியிலிருந்த கடைக்காரர் முத்திரை எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

அஞ்சலை எட்டிப் பார்த்துவிட்டு, குப்பத்தைத் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். "பாத்திரத்த எல்லாம் உள்ளாற எடுத்து வைங்கடி!"

ஒப்பந்தக்காரரின் பொறியாளர் ராவ் சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வடக்க, குப்பம் தாண்டி இன்னும் பாதிக் கரை கட்ட வேண்டியிருக்கு சார். இந்தம்மாங்கள ஒரு மாசம் இங்கியே விட்டுட்டுப் போங்களேன். நானே சம்பளம் குடுத்துடறேன்."

"ஆகாது" என்றார் ராவ் சார், ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே. "வடக்குக் கரைக்குத் துணி யாரு பாத்து அனுப்பறது? செவ்வாய்க்கிழமை காலையில இவங்க மேசையில நிக்கணும்."

அந்த ஐந்து நாளில் கோவிந்தம்மா தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. டம்ளரிலிருந்த நீரைக் கல்லின்மேல் ஊற்றினார். அது இடுக்கில் இறங்கி மறைகிறவரை பார்த்தார். முந்தானையால் டம்ளரைத் துடைத்து ராவ் சாரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"செவ்வாக்கெழம எத்தன ரோலு சார்?" என்றார்.